ஊசி யார் பேரில்?

திங்கட்கிழமை காலை கிளினிக் பூட்டைத் திறக்கும்போதே ஹரிதா கண்ணை மூடிக்கொண்டாள். சாமி, இன்றைக்கு இந்த ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். நர்ஸ் வேலை பார்க்கிறவள் தினமும் வேண்டிக்கொள்வதுதான் இது. ஆனால் இன்றைய வேண்டுதலில் சுயநலம் கலந்திருந்தது. மற்ற நாளில் எவருக்கு என்ன வந்தாலும் அவள் கை தானாக ஓடும். இன்றைக்கு அந்தக் கையை அவளே கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஏன் கட்டினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல் வேலங்கண்டிகை என்று ஓர் ஊர். அங்கே ஓர் அரசாங்கக் கிளினிக். டாக்டர் கிடையாது. இருப்பது ஹரிதாவும், கூடமாட ஒத்தாசைக்கு ‘ஆஷா’ என்கிற ஊர் சுகாதாரத் தொண்டர் வேலை பார்க்கும் சென்னம்மாவும். ஹரிதா நாலு வருஷம் நர்சிங் படித்தவள். அதற்கு மேலும், நோயாளியைத் தானே பார்த்து மருந்து கொடுக்கத் தனிப் பயிற்சி எடுத்துப் பரீட்சையும் எழுதியவள். பயிற்சி கொடுத்தவர்கள் உரிமை கொடுக்க மறந்துவிட்டார்கள். சமைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்காதே என்று சொன்னால் எப்படியோ, அப்படி. சாதாரணக் காய்ச்சல் மாத்திரையைத் தாண்டி எதைக் கொடுப்பதானாலும் டாக்டர் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கெல்லாம் ஒரே டாக்டரான சுரேஷ்பாபு எங்கே இருப்பார்? திருப்பதியில், தன் சொந்த கிளினிக்கில். ஹரிதா அரசாங்கம் கொடுத்த டேப் கம்ப்யூட்டரில் நோயாளியின் விவரத்தைத் தட்டுவாள். டாக்டர் போனுக்கு ஓ.டி.பி. போகும். அவர் அந்த எண்ணை இவளுக்கு வாட்ஸப்பில் தள்ளிவிடுவார். இவள் அதைப் போட்டதும், டாக்டரே பார்த்து டாக்டரே மருந்து சொன்னதாக அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தொட்டுப் பார்ப்பது இவள், கொடுப்பது இவள், பேர் மட்டும் அவருக்கு. எல்லா ஊரிலும் இதுதான் நடப்பு. நல்லபடியாகப் போன வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து ஊர்க் கிளினிக்கில் இருந்த சந்தியாவுக்குத்தான் முதலில் அடி விழுந்தது. ஹரிதாவோடு ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்தவள். மூச்சுத் திணறி வந்த ஒரு பெரியவருக்கு, சுரேஷ்பாபு போனில் சொன்னபடி ஊசி போட்டாள். அந்த அவசரத்தில் ஓ.டி.பி.யை யார் கேட்டார்கள்? பெரியவர் திருப்பதி போய்ச் சேரும் முன்பே வழியில் போய்விட்டார். ஊசியால் போனாரா, ஊசி போட்டும் போனாரா, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சித்தூரில் விசாரணை வைத்தார்கள். சுரேஷ்பாபு இஸ்திரி கலையாத சட்டையோடு வந்து நின்று, போன் வந்தது நிஜம், ஊசி போடு என்று மட்டும் "நேனு செப்பலேது" என்றார். நான் சொல்லவில்லை. இரண்டே வார்த்தை. சந்தியா சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்கப்புறம்தான் ஊர்க் கிளினிக் நர்ஸுகள் எல்லாம் கூடிச் சங்கம் கட்டினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுக்கிற மருந்தை எங்கள் பேரிலேயே கொடுக்க விடுங்கள், உயிர் போகிற அவசரத்தில் முதல் ஊசி எங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்புதான் தேய்ந்தது. கடைசியில், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் கூட்டம் போட்டபோது, ஹரிதாதான் எழுந்து அந்த யோசனையைச் சொன்னாள்.

"சட்டம் இன்னா சொல்லுதோ அப்டியே நடப்போம். டாக்டரு எழுத்துல குடுக்காம ஒரு ஊசிகூட எடுக்கறதில்ல. எது வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சிடறது. நாளைக்கு ஒரே ஒரு நாளு. கிளினிக்கு யாரு கையில ஓடிக்கினு கீதுன்னு அப்போ தெரியும்."

கைதட்டல் பறந்தது. பேச்சோடு விட்டால் நாளைக்கு ஒருத்தி நழுவிவிடுவாள் என்று யாரோ சொல்ல, திருப்பதி வழக்கப்படி எல்லாரும் மலைப் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "கோவிந்தா" என்று சத்தியம் பண்ணினார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பங்குக்குச் சத்தியம் பண்ணினார்கள். படி இறங்கும்போது சந்தியா இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ ஒருத்தி உட்டுட்டாகூட போச்சு ஹரிதா. பாரு, எல்லாம் ஒழுங்காத்தானே நடக்குதுன்னு சொல்லிடுவாங்க. அப்பறம் என் வேல வரவே வராது." விரல் பதியும்படி அழுத்தினாள். ஹரிதா, "நானா உடுவேன்?" என்றாள்.

வாய் சொல்லிவிட்டது. ஆழம் பார்க்காமல் காலை விட்டுவிட்டோமோ என்று வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு அடித்துக்கொண்டது. ஒப்பந்த வேலை. ஒரு காகிதம் போதும், வெளியே தள்ளிவிடலாம். புருஷன் யோகேஷுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஆள் குறைத்ததிலிருந்து வேலை இல்லை. வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்.

காலையில் சுரேஷ்பாபுவின் குரல் மெசேஜ் வந்திருந்தது. நர்ஸுகள் மட்டும்தான் பிடிவாதம் பிடிப்பார்களா? "இன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம். எழுத்தில் ஒன்றும் தரமாட்டேன். உங்கள் போராட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தெலுங்கில் கறாராகப் பேசியிருந்தார். ஹரிதா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள்.

"ஏம்மா மொகம் இப்டி கீது? துன்னியா இல்லியா?" என்றாள் சென்னம்மா.

"அப்பறம் துன்றேன்க்கா."

முதலில் வந்தவர்களால் ஒன்றும் மோசமில்லை. ஒரு கர்ப்பிணிக்கு பி.பி. பார்த்தாள். ஒரு புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவரை, டாக்டர் எழுத்தில் கொடுக்காமல் இன்றைக்குத் தரமுடியாது என்று திருப்பி அனுப்பினாள். அந்த ஆள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அதற்கே இவளுக்கு நெஞ்சு உறுத்தியது. வெயில் ஏற ஏற, பரவாயில்லை, நாள் நகர்கிறது என்று கொஞ்சம் மூச்சு விட்டாள். அப்படி மூச்சு விட்டிருக்கக்கூடாது.

மாங்காய் பறிக்கும் காலம் அது. தோப்புப் பக்கமிருந்து ஒரு பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவனுக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் தலை சாய்ந்து கிடந்தார். பெண் வள்ளி, ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவள். அந்த ஆள் அவளுடைய அப்பா நாகபூஷணம். கூலிக்கு மாங்காய் பறிக்கிறவர்.

"மேடம்! நைனாவ கதண்டு கொட்டிடிச்சி! கெளைய இழுத்தாரு, கூடு அப்டியே மேல வுழுந்திச்சி. மொகமெல்லாம் வீங்கிக்கினு போவுது மேடம்!"

மூவருமாகத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். ஹரிதா ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். கதண்டு என்கிற பெரிய குளவி கொட்டின இடம் வீங்குவது வேறு, இது வேறு. உடம்பெல்லாம் தடிப்பு. உதடு தடித்து, கண் இடுங்கிப்போய், தொண்டையிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தது. பி.பி. இறங்கியிருந்தது. காலடியில் தலையணைகளை அடுக்கிக் காலை உயர்த்தினாள். சென்னம்மா 108க்குப் போன் பண்ணினாள். வண்டி புத்தூரைத் தாண்டி எங்கேயோ இருக்கிறதாம், ரயில்வே கேட் வேறு போட்டிருக்கிறதாம்.

இதற்கு மருந்து உண்டா என்றால், உண்டு. இரண்டடி தூரத்தில், அலமாரியில்தான் இருந்தது. அட்ரினலின். தடுப்பூசி போட்டு எந்தக் குழந்தைக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே போடுவதற்கென்று ஒரு டப்பாவில் தனியாக வைத்திருப்பார்கள். தடுப்பூசிக்கு என்றால் ஹரிதா யாரையும் கேட்காமல் போடலாம். கதண்டுக்கு என்றால் டாக்டர் சொல்ல வேண்டும். அதே மருந்து, அதே உடம்பு, அதே வீக்கம். சட்டம் போட்டவருக்குக் கதண்டு கொட்டியிருந்தால் தெரியும்.

சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, கட் ஆனது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கட். மூன்றாம் தரம் போன் அணைந்திருப்பதாகத் தெலுங்கில் ஒரு பெண் குரல் சொன்னது.

ஹரிதா டப்பாவைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

போடலாம். போட்டால் சத்தியம் போச்சு, சங்கம் போச்சு, சந்தியா போச்சு. சரி, அதைக்கூட விடு. போட்டும் இவர் போய்விட்டால்? வயசான உடம்பு, வெயிலில் வேலை செய்த இதயம். சந்தியாவுக்காவது போனில் ஒருத்தர் சொன்னார். எனக்கு யார் சொன்னது? போலீஸ் வரும், சித்தூரில் ஆபீசர் முன்னால் நிற்கவைப்பார்கள், யோகேஷ் முகம் தொங்கிப்போகும். போடாவிட்டால்? போடாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். சட்டப்படி நடந்தாள் என்பார்கள். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு..." என்று அவள் வாய் தொடங்கியது.

வள்ளி அவளைப் பார்த்தாள். "இன்னா மேடம் சொல்ற? போற வரிக்கும் தாங்குவாரா?"

"இன்னாம்மா, கையில வெச்சிக்கினு நிக்கற!" என்று சென்னம்மா கத்தினாள். "போராட்டமாவது மண்ணாவது, அந்தாளு நெறத்தப் பாரும்மா!"

பார்த்தாள். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. விசில் சத்தம் நின்றிருந்தது. சத்தம் நின்றால் மூச்சு சரியாகிவிட்டது என்று வள்ளி நினைத்திருக்கலாம். ஹரிதாவுக்குத் தெரியும், அது காற்று போக வழியே இல்லாததால் நின்ற சத்தம்.

ஆம்பூலை உடைத்தாள். கண்ணாடி விரலைக் கிழித்தது கூடத் தெரியவில்லை. மருந்தை ஏற்றி, லுங்கியை ஒதுக்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் நேராகக் குத்தினாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள், யாருடைய ஆபத்துக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் காத்திருப்பது. அட, அந்த நரகத்தை எந்த எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. நாடியில் விரலை வைத்துக்கொண்டு, வாடா வாடா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். வள்ளி அப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. முதலில் நாடி விரலைத் தட்டியது, கொஞ்சம் பலமாக. அப்புறம் அந்த விசில் சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஹரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாகபூஷணத்தின் கை கால் வெடவெடவென்று நடுங்கியது, மருந்து வேலை செய்கிற நடுக்கம்தான். தடித்த உதட்டை அசைத்து, "தண்ணி" என்றார்.

"நைனா! இந்தா கீறேன் நைனா!" என்று வள்ளி உடைந்து அழுதாள்.

"இப்போ குடுக்காத, ஒதட்ட மட்டும் நனை" என்றாள் ஹரிதா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

108 வந்தது. கூட வந்த டெக்னீஷியன் ரகு ஆக்சிஜன் வைத்துக்கொண்டே டேப்பை எடுத்தான். "அட்ரினலின் போட்டாச்சா? பெரிய காரியம் பண்ணீங்க மேடம். எந்த டாக்டர் ஆர்டர்?"

ஹரிதா பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. சுரேஷ்பாபு. இவ்வளவு நேரம் செத்துக் கிடந்த போனுக்கு உயிர் வந்துவிட்டது. சென்னம்மா 108க்குச் சொன்ன சேதி அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

"ஏமம்மா ஹரிதா, பதிகினாடா?"

"ஊசி போட்டேன், பொழச்சிக்கினாரு சார்."

"சபாஷ்! நேனே செப்பானு கதா?" நான்தானே சொன்னேன் என்றார், சிரித்துக்கொண்டே. அப்புறம் அவருக்குத் தெரிந்த தமிழில் இறங்கினார். "பாரும்மா, ஓ.டி.பி. அனுப்பறேன். போட்டுடு. உனக்கும் ப்ராப்ளம் லேது, எனக்கும் லேது. உங்க சங்கத்துக்கு யாரு சொல்லப்போறா? நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல."

சொல்லி வாய் மூடவில்லை, போன் திரையில் அந்த எண் வந்து நின்றது. போட்டுவிட்டால் வேலை மிஞ்சும். சத்தியம் மீறியது வெளியே தெரியாது. யாரும் சொல்லப்போவதில்லை என்று சுரேஷ்பாபு சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை, யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஹரிதாவின் விரல் டேப்புக்கு மேலே போய்விட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயந்தவள் விரல் அப்படித்தான் போகும்.

"சார், அவரு செத்திருந்தா?" என்றாள் திடீரென்று.

"ஏமி?"

"செத்திருந்தா ஓ.டி.பி. அனுப்பியிருப்பீங்களா?"

ஹரிதா டேப்பிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"சந்தியாவுக்கு அன்னைக்கு அனுப்பலியே சார். பொழச்சா நீங்க சொன்னீங்க, செத்தா நீங்க சொல்லல. அப்டித்தானே?" அடக்கி வைத்திருந்த கோபம் எங்கிருந்தோ பொங்கி வந்துவிட்டது. "இன்னைக்கு நீங்க போனே எடுக்கல சார்."

"உத்தியோகம் போதுந்தி, ஜாக்கிரதை" என்று, வேலை போய்விடும் என மிரட்டிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ரகு ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், டைம் ஆவுது. டாக்டர் பேரு?"

"டாக்டர் இல்ல. நான் பார்த்தேன், நான் போட்டேன். ஹரிதா, நர்ஸு, வேலங்கண்டிகை."

"இது டாக்டர் பேரு போடற எடம் மேடம்."

"தெரியும். அங்கதான் போடுங்க."

ரகு ஒரு நொடி அவளைப் பார்த்தான், அப்புறம் தட்டினான். வண்டி கிளம்பியது. வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ஹரிதா பின்னால் போய் வாந்தி எடுத்தாள். சென்னம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்தான் என்று ஹரிதாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சங்கத்தில் யாரும் சொல்லிச் சந்தியாவுக்குத் தெரியக்கூடாது. ஹரிதாவே அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"சந்தியா, நான் சத்தியத்த மீறிட்டேன்." நடந்ததைக் கோவையில்லாமல் கொட்டினாள்.

சந்தியாவின் குரல் காய்ந்திருந்தது. "நீயே சொன்னியேடி. எது வந்தாலும்னு நீதானே சொன்ன. ஓ.டி.பி. வாங்கிக்கினியா?"

"அனுப்பினாரு. போடல. என் பேர குடுத்துட்டேன்."

"பைத்தியமாடி உனுக்கு? காலையிலயே மெமோ வரும்!"

"வரும்."

"...ஆளு பொழச்சாரா?"

"தண்ணி கேட்டாரு." முழுக்கச் சொல்லாமல் போனை வைக்க ஹரிதாவுக்கு மனம் வரவில்லை. "சந்தியா, நான் ஒடனே போடல. மருந்த கையில வெச்சிக்கினு நின்னேன். அந்த மனுசன் நீலமாயிக்கினே போறாரு, நான் என் வேலய நெனச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன்டி. அவரு செத்தா என்னை ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

இதைச் சொன்னதும் ஹரிதா அழுதாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"நான் அன்னைக்கு நிக்கவே இல்ல" என்றாள் சந்தியா. "போட்டுட்டேன். போட்டது சரிதான், இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா அந்தப் பெரியவரு புள்ள வந்து, யாரு போடச் சொன்னதுன்னு கேட்டான். டாக்டரு சொன்னாருன்னு கைய காட்டிட்டேன். வெசாரணையிலயும் அதயேதான் சொன்னேன். அந்தாளு தப்பிச்சிக்கினாரு. நானும் தப்பிச்சிக்கத்தான் பார்த்தேன், ஹரிதா. எனுக்கு முடியல, அவ்ளோதான்."

சந்தியா மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"உன்ன எப்போ சித்தூருக்குக் கூப்பிடறாங்கன்னு சொல்லு. நானும் வர்றேன். டாக்டரு சொன்னது நெசம்தான், ஆனா அவரு பின்னால இனிமே ஒளிய மாட்டேன், அந்தப் பேச்ச வாபஸ் வாங்கிக்கிறேன். நான் பார்த்தேன், எனுக்குத் தேவைன்னு பட்டுது, நான் போட்டேன்."

"வேல மொத்தமா போயிடும்டி!"

"போவும்" என்றாள் சந்தியா. "பயமாத்தான் கீது."

மெமோ மறுநாள் காலையில் வந்தது. விசாரணை நாளன்று சித்தூர் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். வழி நெடுக ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. இரண்டு கையும் ஜில்லென்று இருந்தன.